எறிபொருள் ஒன்று விண்வெளியின் விளிம்பைத் தொட எவ்வளவு வேகத்தில் ஏவப்பட வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1966 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள யூமா என்னும் இடத்தில், வானை நோக்கி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்த ஒரு பீரங்கி, மார்ட்லெட் 2 என்னும் எறிபொருளை நொடிக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் வேகத்தில் சுட்டது. அந்த எறிபொருளில் ராக்கெட் எஞ்சின் எதுவும் இல்லை. குழலைவிட்டு வெளியேறியபோது பெற்றிருந்த வேகம் ஒன்றை மட்டுமே கொண்டு அது 180 கி.மீ. உயரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்திய ஹார்ப் (அதிஉயர ஆய்வு) திட்டத்தின் சாதனை அது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெரால்ட் புல் என்னும் பொறியாளர்தான் அத்திட்டத்தின் உயிர்நாடி. இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான கணக்குகளுக்கு அந்த ஒரு சுடுதலையே எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறோம். பள்ளிப் பாடத்தில் படித்த சூத்திரம் அதன் அருகே எவ்வளவு தூரம் நம்மைக் கொண்டுசெல்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை அளந்து பார்க்க அதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது.

ஓர் உயரத்தை அடையத் தேவையான வேகத்தைக் கணக்கிட மிக எளிய வழி எது?

ஆற்றல் அழியாமையிலிருந்து தொடங்குவதே எளிது. ஏவும் கணத்தில் பொருளிடம் இருப்பது இயக்க ஆற்றல். உச்சியில் அது ஒரு கணம் நின்றுவிடுவதால், அந்த ஆற்றல் முழுவதும் நிலை ஆற்றலாக மாறியிருக்கும். இரண்டையும் சமப்படுத்தினால் கிடைப்பது இது:

வேகத்தின் வர்க்கம் = 2 × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்

ஈர்ப்பு முடுக்கத்தை 9.81 என்றும் உயரத்தை 1,80,000 மீட்டர் என்றும் கொண்டால், வேகத்தின் வர்க்கம் 35,31,600 ஆகும். அதன் வர்க்கமூலம் 1,879. ஆகவே, நொடிக்கு 1,879 மீட்டர் என்பது முதல் விடை. இந்த விடைக்குப் பின்னால் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, தரையில் இருக்கும் ஈர்ப்பு 180 கி.மீ. உயரத்திலும் அப்படியே இருக்கிறது என்பது. மற்றொன்று, இடையில் காற்றே இல்லை என்பது. இரண்டுமே உண்மையல்ல, ஆனால் இரண்டும் ஒரே அளவுக்குத் தவறானவை அல்ல. முதலாவது செய்யும் பிழை மிகச் சிறியது, இரண்டாவது செய்யும் பிழை மிகப் பெரியது. இந்த வேறுபாட்டை உணர்ந்துகொண்டவர் கணக்கின் பாதியைக் கடந்துவிட்டார்.

சூத்திரத்தில் எறிபொருளின் நிறை ஏன் வரவில்லை? கனமான பொருளை மேலே அனுப்புவது கடினம் அல்லவா?

இயக்க ஆற்றலிலும் நிலை ஆற்றலிலும் நிறை ஒரே வகையில் பெருக்கப்படுவதால் இருபுறமும் அடிபட்டுப் போகிறது. கனமான பொருளுக்கு அந்த வேகத்தைக் கொடுப்பதுதான் கடினமே தவிர, கொடுத்த பின்பு அது ஏறும் உயரம் நிறையைச் சார்ந்ததல்ல. காற்று குறுக்கிடும்போது நிலைமை தலைகீழாகிறது. அங்கே கனமான பொருளே வெல்கிறது. அதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

உயரம் கூடக் கூட ஈர்ப்பு குறைகிறது. அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

புவியின் மையத்திலிருந்து விலக விலக, ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பது நியூட்டனின் விதி. இந்தக் குறைவைத் தரையிலிருந்து உச்சி வரை தொகையிட்டால் கிடைக்கும் விடை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. முதல் சூத்திரத்தின் வலப்பக்கத்தை ஒரே ஒரு பின்னத்தால் பெருக்கினால் போதும்:

வேகத்தின் வர்க்கம் = 2 × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் × புவி ஆரம் ÷ (புவி ஆரம் + உயரம்)

புவியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. எனவே 180 கி.மீ. உயரத்துக்கு அந்தப் பின்னம் 6,371 ÷ 6,551, அதாவது 0.9725. விடை நொடிக்கு 1,879 மீட்டரிலிருந்து 1,853 மீட்டராக இறங்குகிறது. வேறுபாடு 26 மீட்டர்தான். வெவ்வேறு உயரங்களுக்கு இரண்டு விடைகளும் எப்படி விலகிச் செல்கின்றன என்பதைப் பாருங்கள். காற்று இல்லை என்று கொண்டே இவை கணக்கிடப்பட்டுள்ளன.

100 கி.மீ. (விண்வெளியின் விளிம்பாகப் பொதுவாகக் கொள்ளப்படும் உயரம்): எளிய சூத்திரப்படி நொடிக்கு 1,401 மீட்டர், திருத்தியபின் 1,390 மீட்டர்.
400 கி.மீ.: எளிய சூத்திரப்படி 2,801 மீட்டர், திருத்தியபின் 2,717 மீட்டர்.
1,000 கி.மீ.: எளிய சூத்திரப்படி 4,429 மீட்டர், திருத்தியபின் 4,118 மீட்டர்.
6,371 கி.மீ.: எளிய சூத்திரப்படி 11,180 மீட்டர், திருத்தியபின் 7,906 மீட்டர்.

கடைசி வரியில் சற்று நின்று பார்க்க வேண்டும். எளிய சூத்திரம், புவியின் ஆரத்துக்குச் சமமான உயரத்தை எட்ட நொடிக்கு 11.18 கி.மீ. வேண்டும் என்கிறது. ஆனால் அந்த எண் நாம் அனைவரும் மனப்பாடம் செய்த விடுபடு வேகம்! அந்த வேகத்தில் கிளம்பிய பொருள் 6,371 கி.மீ. உயரத்தில் நிற்பதில்லை, அது திரும்பி வருவதே இல்லை. வேகம் கொடுக்கப்பட்டு உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். முதலில் எளிய சூத்திரத்தால் ஓர் உயரத்தைக் கண்டு, அதை புவி ஆரத்தால் வகுத்து, அந்த ஈவை ஒன்றிலிருந்து கழித்து, கிடைத்த எண்ணால் எளிய உயரத்தை வகுத்தால் உண்மை உயரம் வரும். எளிய உயரம் புவி ஆரத்துக்குச் சமமாகும்போது வகுக்கும் எண் பூச்சியமாகிறது, உயரம் முடிவிலியாகிறது. விடுபடு வேகம் என்பது தனியாக வந்து குதித்த ஒரு மாறிலி அல்ல, நம் உயரக் கணக்கின் கடைசிப் படி என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே விளங்கிவிடுகிறது. பாடநூல்கள் இரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்துவிடுவதால் பலருக்கு இந்த உறவு கண்ணில் படாமலேயே போய்விடுகிறது.

நடைமுறைக்கு ஒரு குறிப்பு: உயரம் 100 கி.மீ.க்குள் இருந்தால் வேகத்தில் ஏற்படும் பிழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. எளிய சூத்திரத்தையே தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

விண்வெளியில் ஈர்ப்பே இல்லை என்கிறார்களே?

அது தவறான கருத்து. 180 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் 9.28, தரையில் உள்ளதைவிட ஐந்தரை விழுக்காடுதான் குறைவு. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்திலும் அது 8.7 அளவில் இருக்கிறது. நிலையத்தில் இருப்பவர்கள் மிதப்பதற்குக் காரணம், அவர்களும் நிலையமும் ஒன்றாகவே புவியை நோக்கி விழுந்துகொண்டிருப்பதுதான். மார்ட்லெட்டும் காற்றைத் தாண்டியபின், ஏறும்போதும் இறங்கும்போதும், அதே நிலையில்தான் இருந்தது.

திருத்திய விடை 1,853 மீட்டர் என்றால், யூமாவில் ஏன் 2,100 மீட்டர் தேவைப்பட்டது?

காற்றினால். நொடிக்கு 2,100 மீட்டர் வேகம், காற்றில்லாத உலகில், ஈர்ப்பின் குறைவையும் சேர்த்து, ஏறத்தாழ 233 கி.மீ. உயரத்தைத் தந்திருக்க வேண்டும். கிடைத்தது 180. பீரங்கி முழுச் செங்குத்தாக நிற்பதில்லை என்பதால் ஒரு சிறு பங்கு இழப்பு நேரும்; எஞ்சியதெல்லாம் காற்று பிடுங்கிக்கொண்டது. ஆற்றல் கணக்கில் சொன்னால், கொடுத்ததில் ஏறத்தாழ 22 விழுக்காடு உயரமாக மாறவே இல்லை.

காற்றுத்தடையைப் புரிந்துகொள்ள ஒரு கிரிக்கெட் பந்தை எடுத்துக்கொள்வோம். நிறை 160 கிராம், விட்டம் 7.2 செ.மீ., இழுவைக் குணகம் (ஒரு வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.5 எனக் கொள்ளலாம். அதை நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் நேர்மேலே அடித்தால், எளிய சூத்திரம் 46 மீட்டர் என்கிறது; காற்றையும் சேர்த்தால் 35 மீட்டர்தான். வேகத்தை 100 மீட்டராக்கினால் 510 மீட்டருக்குப் பதில் 142 மீட்டர். ஏதோ ஒரு பொறியால் அதே பந்தை நொடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் அனுப்பிவிட்டதாகவும், பந்து சிதறவில்லை என்றும், குணகம் மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். காற்றில்லாத கணக்கு 51 கி.மீ. என்று சொல்லும், காற்றோடு சேர்ந்த கணக்கு அரை கிலோமீட்டரைக்கூடத் தாண்டாது. வேகத்தைப் பத்து மடங்காக்கியும் உயரம் மூன்று மடங்குதான் ஆயிற்று. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், நாம் சேர்க்கும் வேகத்தைக் காற்று முதல் சில நூறு மீட்டரிலேயே தின்றுவிடுகிறது.

அப்படியானால் மார்ட்லெட் எப்படித் தப்பியது? இதற்கு ஒரு நல்ல வழிமுறை உண்டு. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலே நிற்கும் காற்றின் மொத்த நிறை, வளி அழுத்தத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைக்கும்: ஏறத்தாழ 10,330 கிலோ. ஓர் எறிபொருள் மேலேறும்போது தன் குறுக்குப்பரப்பின் அளவுக்கு இந்தக் காற்றுக் கம்பத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது. கிரிக்கெட் பந்தின் பாதையில் நிற்கும் காற்று 42 கிலோ. 160 கிராம் பந்து 42 கிலோ காற்றை விலக்கிச் செல்ல வேண்டும், நடக்கிற காரியமா? மார்ட்லெட்டை ஒத்த ஓர் எறிபொருளுக்கு 85 கிலோ நிறையும் 13 செ.மீ. விட்டமும் கொள்வோம். அதன் பாதையில் நிற்கும் காற்று 137 கிலோ. தன் நிறையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் சற்றே கூடுதல். அதுவும் ஒடுங்கிய கூர்மூக்கோடு. இங்கே எறிபொருள் வென்றுவிடும்.

இந்தக் காற்றுக் கம்பத்தைக் கொண்டு வேக இழப்பைக் கணக்கிட முடியுமா?

முடியும். கனமான காற்றைக் கடக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் ஈர்ப்பை மறந்துவிட்டால், மிஞ்சும் வேகம் ஓர் அடுக்குக்குறி விதிப்படி குறைகிறது. அந்த அடுக்கு = இழுவைக் குணகத்தில் பாதி × (காற்றுக் கம்பத்தின் நிறை ÷ எறிபொருளின் நிறை). இயல் மடக்கையின் அடிமானமான 2.718-ஐ இந்த அடுக்குக்கு உயர்த்தி, ஏவு வேகத்தை அதனால் வகுத்தால் மிஞ்சும் வேகம் வரும்.

மிகு வேகத்தில் செல்லும் கூரிய பொருளுக்கு இழுவைக் குணகத்தை 0.15 எனக் கொண்டால், அடுக்கு 0.121 ஆகிறது, வகுக்கும் எண் 1.129. நொடிக்கு 2,100 மீட்டர் வேகத்தில் கிளம்பியது 1,861 மீட்டரில் கிளம்பியதைப்போல நடந்துகொள்ளும். உயரம் ஏறத்தாழ 181 கி.மீ. தலைகீழாகக் கேட்டால், 180 கி.மீ. உயரத்துக்குக் காற்றில்லாத வேகம் 1,853, அதை 1.129-ஆல் பெருக்கினால் தேவையான ஏவு வேகம் நொடிக்கு 2,090 மீட்டர் அளவில் வருகிறது.

உண்மைச் சுடுதலோடு இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவதைக் கண்டு இந்த முறையே துல்லியமானது என்று எண்ணிவிடக் கூடாது. 0.15 என்பது நான் தேர்ந்துகொண்ட எண். அதையே 0.25 என்று வைத்தால், 2,100 மீட்டர் வேகம் 154 கி.மீ. உயரத்தைத்தான் தரும், 180-ஐ எட்ட 2,270 மீட்டர் அளவில் வேண்டியிருக்கும். விடை எந்த எண்ணின் மேல் சாய்ந்து நிற்கிறது என்பதைக் காட்டுவதற்கே இந்த முறை பயன்படுகிறது. ஈர்ப்பில் ஏற்படும் மாற்றத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நாள்கணக்கில் வாதிடுபவர்கள் இழுவைக் குணகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் எண்ணாக எடுத்துக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

இன்னும் துல்லியமாகக் கணக்கிட விரும்புகிறேன். எப்படிச் செய்வது?

பயணத்தைச் சிறு சிறு நேரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் விசைகளைப் புதிதாகக் கணக்கிட்டு, வேகத்தையும் உயரத்தையும் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். கணினியில் ஒரு விரிதாளே இதற்குப் போதும். முதல் துண்டைக் கையால் செய்து பார்க்கலாம்.

மேலே சொன்ன 85 கிலோ எறிபொருள் கடல்மட்டத்தில் நொடிக்கு 2,100 மீட்டர் வேகத்தில் வெளிவருகிறது. காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.225 கிலோ. தடைவிசை = அடர்த்தியில் பாதி × இழுவைக் குணகம் × குறுக்குப்பரப்பு × வேகத்தின் வர்க்கம். எண்களை இட்டால் ஏறத்தாழ 5,400 நியூட்டன். நிறையால் வகுத்தால் எதிர்முடுக்கம் 63; ஈர்ப்பின் 9.8-ஐச் சேர்த்தால் 73. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எறிபொருள் 210 மீட்டர் ஏறி, நொடிக்கு 7.3 மீட்டர் வேகத்தை இழந்திருக்கும். அடுத்த துண்டு 2,092.7 மீட்டர் வேகத்தோடும், 210 மீட்டர் உயரத்துக்குரிய சற்றே மெலிந்த காற்றோடும் தொடங்குகிறது. இதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். 10 கி.மீ. உயரத்தில் அடர்த்தி கடல்மட்டத்தின் மூன்றில் ஒரு பங்காகிவிடும், 30 கி.மீ.யில் ஒன்றரை விழுக்காடாகிவிடும். அதற்கு மேல் உங்கள் அட்டவணையில் தடைவிசைக்குரிய நிரல் ஏறத்தாழ வெறுமையாகவே ஓடும். ஈர்ப்பு ஒன்றுதான் மிஞ்சும்.

இப்படிச் செய்யும்போது இழுவைக் குணகத்தை மாறிலியாக வைக்காமல், வேகத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். ஒலியின் வேகத்தை ஒட்டிய பகுதியில் அது கூடி, அதற்கு மிக மேலே போகப்போகக் குறைகிறது. காற்றுக் கம்ப முறையில் ஈர்ப்பை மறந்ததால் நேர்ந்த சிறு பிழையும் இதில் சரியாகிவிடும்.

அதிக உயரத்துக்கு 45 பாகைக் கோணத்தில்தானே எறிய வேண்டும்?

இல்லை. 45 பாகை என்பது காற்றில்லாத சமதரையில் அதிகத் தொலைவுக்கான கோணம். உயரத்துக்குச் செங்குத்தே சிறந்தது, ஏனென்றால் வேகத்தின் செங்குத்துக் கூறு மட்டுமே உயரமாக மாறுகிறது. ஆயினும் சிறிது சாய்ப்பதால் நட்டம் அதிகமில்லை. 80 பாகையில் ஏவினாலும் காற்றில்லாக் கணக்கில் 97 விழுக்காடு உயரம் கிடைத்துவிடும். அந்தச் சாய்வு தேவையும்கூட. மேலே போனது சுட்டவர்களின் தலையிலேயே விழக்கூடாது அல்லவா? ஹார்ப் திட்டத்தின் முதன்மைத் தளம் கரீபியன் தீவான பார்படாஸில் அமைந்ததற்கு, கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல் பரந்து கிடந்ததும் ஒரு காரணம்.

தொலைவுக்குக்கூட 45 பாகை எப்போதும் சரியல்ல என்பதற்கு முதல் உலகப்போரின் பாரிஸ் பீரங்கி சான்று. 1918 மார்ச் 23 அன்று பாரிஸ் நகரின்மேல் சுடத் தொடங்கிய அந்த ஜெர்மானியப் பீரங்கியின் குண்டுகள் நொடிக்கு ஏறத்தாழ 1,640 மீட்டர் வேகத்தில் வெளிவந்தன. காற்று இல்லாவிட்டால் 45 பாகையில் அவை 274 கி.மீ. போயிருக்கும், உண்மையில் கிடைத்தது 120 கி.மீ. அளவுதான். 45 பாகையைவிடக் கூடுதலாக நிமிர்த்திச் சுட்டபோதுதான் அந்தத் தொலைவாவது கிடைத்தது. குண்டு விரைவாக அடர்ந்த காற்றைத் தாண்டி, ஏறத்தாழ 40 கி.மீ. உச்சிவரை மெல்லிய காற்றில் தன் பயணத்தின் பெரும்பகுதியை முடித்துக்கொண்டது. அது ஒரு நகரத்தின் மக்களைக் கொன்ற கருவி என்பதையும் மறந்துவிட முடியாது. எறிபொருளியலின் பல அளவீடுகள் அப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

180 கி.மீ. வரை சுட முடிந்தவர்களால், அங்கிருந்து ஒரு செயற்கைக்கோளை ஏன் சுற்றவிட முடியவில்லை?

உயரத்தை அடைவதும் சுற்றுப்பாதையில் நிற்பதும் வெவ்வேறு. 180 கி.மீ. உயரத்தில் சுற்றிவர, கிடைமட்டமாக நொடிக்கு 7.8 கி.மீ. வேகம் வேண்டும். உச்சியில் மார்ட்லெட்டிடம் செங்குத்து வேகம் பூச்சியம். கிடைமட்ட வேகம் மிகச் சொற்பம். ஆற்றல் கணக்கில், சுற்றுப்பாதைக்குத் தேவையானதோடு ஒப்பிட்டால் உயரத்துக்குத் தேவையானது சிறு பங்கே.

வேகத்தைக் கூட்டிவிட்டால் மட்டும் போதாதா என்றால், அதற்கும் ஒரு வடிவியல் தடை இருக்கிறது. புவியின் ஈர்ப்புக்கு மட்டும் உட்பட்டுச் செல்லும் பொருளின் பாதை ஒரு மூடிய நீள்வட்டம். அது தொடங்கிய புள்ளி வழியாகவே மீண்டும் செல்லும். தரையில் தொடங்கினால் தரைக்கே திரும்பும். பாதையின் நடுவே, மேலே போனபின், ஓர் உந்துதல் கிடைத்தால்தான் அந்த வட்டம் தரையைவிட்டு விலகும். ஜெரால்ட் புல் இதை நன்கு அறிந்திருந்தார். மார்ட்லெட் 4 என்று அவர் வரைந்த வடிவத்தில், பீரங்கி முதல் கட்டமாகவும், அதன்மேல் ராக்கெட் கட்டங்களும் இருந்தன. 1967-இல் திட்டத்துக்கான நிதி நின்றுபோனதால் அது செயலுக்கு வரவில்லை.

குழலுக்குள் அந்த வேகத்தை எட்டும்போது எறிபொருள் தாங்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் வேகத்தை மட்டும் கணக்கிட்டுவிட்டுப் போவது பாதிக் கணக்கே. 16 அங்குலக் கடற்படைப் பீரங்கிகளின் குழல்கள் இரண்டை ஒன்றோடொன்று பற்றவைத்து, உள்ளே இருந்த சுருள்வரிகளை (குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களை) நீக்கி, பார்படாஸில் ஏறத்தாழ 36 மீட்டர் நீளமான குழலை உருவாக்கினார்கள். அத்தகைய குழலில் நொடிக்கு 2,100 மீட்டரை எட்ட, சராசரி முடுக்கம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × குழல் நீளம்). விடை புவியீர்ப்பைப்போல் 6,200 மடங்கு. குழலுக்குள் இருக்கும் நேரம் நொடியில் நூறில் மூன்று பங்கைச் சற்றே தாண்டும். அந்தக் கண்ணிமைப் பொழுதில் எறிபொருளுக்குள் வைத்த ஒரு கிலோ கருவி ஆறு டன்னுக்கும் மேல் எடையுள்ளதைப்போலத் தன் அடித்தளத்தை அழுத்தும். அதுவும் சராசரிதான், வெடிமருந்தின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் இன்னும் கூடுதலாகும். மின்னணுக் கருவிகளைப் பிசினில் புதைத்து இறுக்கி அனுப்பினார்கள்; அவற்றில் பலவும் பிழைத்தன. மனிதரைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

13 செ.மீ. எறிபொருளை 40 செ.மீ.க்கும் மேல் விட்டமுள்ள குழலில் எப்படிச் சுட்டார்கள் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். குழலை நிறைக்கும் ஓர் உறை எறிபொருளைச் சுற்றிப் பிடித்திருக்கும். அகன்ற பரப்பில் வெடிவாயுவின் தள்ளலை வாங்கிக்கொள்ளும். குழல்வாயைத் தாண்டியதும் துண்டுதுண்டாகக் கழன்று விழும். காற்றுக்குள் போவது ஒல்லியான உடல் மட்டுமே. தள்ளுவதற்கு அகலம் வேண்டும், துளைப்பதற்கு ஒடுக்கம் வேண்டும் என்ற முரண்பாட்டுக்கு அந்த உறைதான் தீர்வு.

ராக்கெட்டுக்கும் இதே சூத்திரம் பொருந்துமா?

எரிபொருள் தீர்ந்தபின் பொருந்தும். 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவப்பட்ட நைக்கி அப்பாச்சி போன்ற ஆய்வு ராக்கெட்டுகள், எஞ்சின் அணைந்த கணத்திலிருந்து வெறும் எறிபொருள்களே. அந்தக் கணத்தின் உயரத்தையும் வேகத்தையும் தொடக்கமாகக் கொண்டு மேலே கண்ட கணக்கைச் செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, 30 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 1,200 மீட்டர் வேகத்தோடு எரிபொருள் தீர்ந்தால், உச்சி ஏறத்தாழ 105 கி.மீ. அந்த உயரத்தில் காற்று மிக மெலிந்துவிடுவதால் இங்கே காற்றில்லாக் கணக்கே போதுமானது. ராக்கெட்டின் நற்பேறு அதுதான்: அடர்ந்த காற்றில் மெதுவாகவும் மெல்லிய காற்றில் வேகமாகவும் போகிறது. பீரங்கிக் குண்டோ மிகக் கனமான காற்றை மிகக் கூடிய வேகத்தில் சந்திக்கிறது. ஆனால் ராக்கெட்டுக்கு வேறோர் இழப்பு உண்டு. செங்குத்தாக எரிந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் ஈர்ப்பு நொடிக்கு 9.8 மீட்டர் வேகத்தைக் கழித்துக்கொண்டே இருக்கும்.

நேர்மேலே எறிந்தது எறிந்த இடத்திலேயே விழுமா?

விழாது. புவி சுழல்வதால் அது மேற்கே விலகி விழும். மேலே போகும்போது அதே கிழக்குநோக்கிய வேகத்தோடு பெரிய வட்டத்தைச் சுற்ற வேண்டியிருப்பதால், தரையைவிடப் பின்தங்கிவிடுகிறது. நிலநடுக்கோட்டில் நொடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் ஏவினால், காற்றில்லாக் கணக்கில் விலகல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப அது கூடும்.

மாணவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை எது?

அலகு. உயரத்தைக் கிலோமீட்டரில் வைத்துக்கொண்டு ஈர்ப்பு முடுக்கத்தை மீட்டரில் இடுவது. 180-ஐ அப்படியே இட்டால் விடை 59.4 என்று வரும். நொடிக்கு 59.4 மீட்டர் என்பது மணிக்கு 214 கி.மீ.; நல்ல வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வீசுகிறார். அவரைவிட ஒன்றரை மடங்கு வேகமாக எறிந்தால் பந்து விண்வெளிக்குப் போய்விடுமா என்று ஒரு கணம் கேட்டுப் பார்த்தாலே பிழை பிடிபட்டுவிடும். எந்த விடையையும் தாளில் எழுதும் முன் தெரிந்த ஒரு வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் வற்புறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சில நிமிடங்களில் திரும்பி விழுந்துவிடும் ஒன்றை அவ்வளவு உயரத்துக்குச் சுட்டு என்ன பயன்?

180 கி.மீ. உச்சிக்குப் போகும் எறிபொருள் 100 கி.மீ. உயரத்துக்கு மேலே நான்கு நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கும். பலூன்கள் எட்ட முடியாத, செயற்கைக்கோள்கள் நிலைத்துச் சுற்ற முடியாத உயரம் அது. அங்கே காற்று எப்படி வீசுகிறது என்பதை அறிய அந்த நிமிடங்கள் போதுமானவை. பார்படாஸிலிருந்து இரவில் சுடப்பட்ட மார்ட்லெட்டுகள், டிரைமெத்தில் அலுமினியம் என்னும் நீர்மத்தை வழியெல்லாம் கசியவிட்டுக்கொண்டே ஏறின. அங்குள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து அது ஒளிர்ந்தது. கருவானில் நேராக எழுந்த அந்த ஒளிக்கோடு சிறிது நேரத்தில் ஓரிடத்தில் கிழக்கேயும் வேறோர் உயரத்தில் மேற்கேயும் இழுபட்டு நெளியத் தொடங்கும். அந்த நெளிவை வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் படமெடுத்து, படங்களை ஒப்பிட்டு, ஒவ்வோர் உயரத்திலும் காற்றின் திசையையும் வேகத்தையும் கணித்தார்கள்.